மூன்றாவது வசனம் கிருபாவுக்கு

மார்ச் 8, சனி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மிளகாய் வற்றல் மாடியில். குழாயில் தண்ணீர் இல்லை. ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, நமக்கு ஒரு குடத்துக்கு வழியில்லை.

பத்து மணிக்குக் கிருபாவின் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். இவருக்குத் தாலுகா ஆபீஸில் திடீர் வேலை. இப்படியான நாட்களில் மட்டும் அங்கே வேலை முளைக்கும்.

மற்ற நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெற்றோருக்குப் புத்தி சொல்கிறவள் நான். இன்று இந்தப் பக்கம். வகுப்பாசிரியை சின்னப் பெண். முதலில் கூசினாள், அப்புறம் கொட்டித் தீர்த்தாள்.

"டீச்சர், நீங்களே தமிழ் டீச்சரு. உங்களுக்கு நான் சொல்லணுமா? பிள்ளைக்கு மூளை இல்லாம இல்ல. இன்ட்ரஸ்ட் இல்ல. பாதி நாள் புஸ்தகம் கொண்டு வாரதில்ல. வெளிய போய் நில்லுன்னா, சந்தோசமாப் போய் நிக்கா. ஒரு வெக்கம் வேண்டாமா?"

அடுத்தது எச்.எம். அறை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். அதிலேயே விஷயம் பெரியது என்று தெரிந்துவிட்டது. ஒன்பதில் பாஸ் போட்டுத் தருவார்களாம். டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை அவர்கள் யோசிக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

வெளியே வரும்போது வராந்தாவில் இரண்டு தாய்மார். "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாவ." என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள்.

மக்கு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டே ஸ்கூல் மனப்பாட வசனப் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு அவளுக்குத்தான். எவர்சில்வர் தூக்கு, தட்டு, டம்ளர், குத்துப்போணி. எங்கள் அடுக்களைப் பாத்திரத்தில் பாதி அவள் ஜெயித்தது. இவ்வளவு தலையில் ஏறுகிறவளுக்கு ஒரு பக்கம் பாடம் ஏறாதா? ஏற்ற மனசில்லை. அவ்வளவுதான்.

இவர் வந்ததும் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"ஆஸ்டல்ல போடுவோம். எங்க அத்த மவ வார்டனா இருக்கா. அங்கன போட்டா நாலு மாசத்துல நிமித்திருவாவ."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. கிருபா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அழவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

செய்ய வேண்டியவை:
ஏழாம் வகுப்பு விடைத்தாள்
கேஸ் புக் பண்ண
மாமாவின் கண் சொட்டு மருந்து
ஆஸ்டல் பாரம் (இவர் வாங்கி வருவார்)
கானம் (கொள்ளு) வறுத்து வைக்க

லெந்து நாட்கள், ஈஸ்டர் வரை நோன்பு, மீன் கிடையாது. கஞ்சியும் கானத் துவையலும். மாமா மட்டும் இதில் உண்மையாகவே மகிழ்கிறார். எண்பதைத் தாண்டிய ரிட்டயர்ட் எச்.எம். என் மாமனார். அவருக்குத் துன்பமும் அட்டவணைப்படி வந்தால் பிடிக்கும்.

பள்ளியிலிருந்து வந்ததும் கிருபா துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். காதில் இயர்போன். விளக்கு வைக்கும் வரை அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டு. கூப்பிட்டால் செவிடன் காதில் ஊதிய சங்கு. இன்று பொறுக்க முடியாமல் போய்ப் பிடுங்கினேன்.

"என்னட்டி கேக்க எந்நேரமும்?"

"பாட்டு."

"பரீட்சைக்கு இதுலயா கேள்வி வருது?"

மொபைலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். டி.சி. என்று சொன்னபோது அழாதவள் இதற்கு அழுதாள். காலைப் பிடிக்காத குறை. "ஜெபத்துக்கு முன்னாடி மட்டும் குடும்மா. பொறவு நீயே வச்சுக்கோ." பிள்ளைகளுக்கு மொபைல் மோகம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழரைக்கு ஜெபம். அவளுக்கு வயிற்றுவலியாம், படுத்துவிட்டாள். நடிப்பு. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்த வீட்டில் கல்யாணம், காய்ச்சல், புயல், எது வந்தாலும் ஏழரைக்குப் பாய் விரிக்க வேண்டும். பைபிளில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். முதல் வசனம் மாமா, இரண்டாவது இவர், மூன்றாவது கிருபா, நாலாவது நான். மறுபடி மாமா. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், வரிசை மாறாமல்.

விசித்திரம் என்னவென்றால் அந்தப் பாயில் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்கு வாசிப்பு தண்ணீர் பட்ட பாடு. ஒரு சொல் தடுக்காது. என்னைவிட நன்றாக வாசிப்பாள். அதே வாயால் சமூக அறிவியல் பாடத்தை வாசி என்றால் தலைவலி, தாகம், ஒன்றுக்கு.

மாமா படுக்கப் போகும்போது சொன்னார்: "ஆண்டவர் அவளுக்கு நல்ல நாக்கு தந்திருக்காரு எஸ்தர். மனச அவதான் தரணும். தர மாட்டேங்கா."

மார்ச் 11, செவ்வாய்

மொபைலைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நேரே துவைக்கிற கல்லுக்கு ஓட்டம்.

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுதாமல் தூக்கம் வராது.

சாயங்காலம் களக்காட்டிலிருந்து போன். மாமாவின் தம்பி இறந்துவிட்டார். மத்தியானம் வாழைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர், தண்ணீர் கேட்டிருக்கிறார், கொண்டு வருவதற்குள் போய்விட்டார். மாமா சட்டைப் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கடைசி பஸ் போய்விட்டது. விடிந்ததும் போகலாம் என்று முடிவு. "பாயை விரி" என்றார்.

கிருபாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன், நாளைக்குப் பால் வாங்கி வைக்கச் சொல்ல. அவள் இல்லாமலே ஜெபம் தொடங்கிவிட்டது. மாமா இன்று வரிசைப்படி வாசிக்கவில்லை. எனக்குத் தெரிந்து முதல் முறை. துக்க வீட்டில் வாசிக்கிற பகுதியைத் திறந்தார். முதல் வசனத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. இவர் இரண்டாவதை வாசித்து முடிக்கவும் கிருபா உள்ளே வந்து அவசரமாக உட்காரவும் சரியாக இருந்தது.

"ம், உன் முறை" என்றார் மாமா.

நான் என் புத்தகத்தை அவள் மடிக்குத் தள்ளி, வசனத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். என் விரல் இருந்த இடத்தில் அவள் விரலை வைத்தாள். விரலை வரியோடு பைய நகர்த்திக்கொண்டே வாசித்தாள். கணீரென்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

அவள் வாசித்தது ஆலயத்துக் கதவு எத்தனை முழம், கீலுக்கு என்ன உலோகம் என்கிற கணக்கு. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை. வரிசைப்படி இன்றைக்கு வந்திருக்க வேண்டிய அதிகாரம் அது.

 அவள் முடித்துவிட்டு, அடுத்தது நீ என்பது போல என்னைப் பார்த்தாள்.

"என் தம்பி செத்துக் கெடக்கான்" என்றார் மாமா. "உனக்கு விளையாட்டா இருக்காட்டி?"

இவர் எழுந்து ஓர் அறை விட்டார். கம்மல் தெறித்துப் பாயில் விழுந்தது. "கேக்காருல்லா, சொல்லு மூதி! கேலியா பண்ணுத?"

கிருபா என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஆமா. விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்."

பொய். நான் அவள் விரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளையாடுகிற பிள்ளையின் விரல் வரியை அவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்டு போகாது.

மார்ச் 14, வெள்ளி

களக்காடு. அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிழலே இல்லை. மாமா தம்பி வீட்டிலேயே சில நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். கிருபா பக்கம் திரும்பவே இல்லை. சொந்தக்காரர்களுக்குள் விஷயம் எப்படியோ போயிருக்கிறது. பந்தலில் ஒருத்தி: "அந்தா நிக்காள்லா, அந்தப் பிள்ளைதான். திமிரப் பாரு."

இவர் நாற்காலிக் கணக்கைப் பார்க்க அங்கேயே நின்றுவிட்டார். நானும் கிருபாவும் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம். சேரன்மகாதேவி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழை.

அப்புறம் கேட்டேன். "வாசிக்கத் தெரியாதாட்டி?"

சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாரும் சிரிக்கிற அளவுக்கு."

பிடுங்கிப் பிடுங்கித்தான் பேச்சு வந்தது. தாத்தா வரிசை மாற மாட்டார் என்பதால் அடுத்த அதிகாரம் எதுவென்று முந்தின நாளே தெரியும். மொபைலில் யாரோ வாசித்துப் போட்டிருப்பதைச் சாயங்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பாட்டு இல்லை. ஒரு நாளும் பாட்டு இல்லை.

"உன் வசனத்த மட்டும் கேட்டா போதாதா?"

"யாராச்சும் விருந்தாள் வந்துட்டா என் முறை மாறிரும்லாம்மா. அதனால முழுசும்."

முழுசும். தினமும் ஓர் அதிகாரம். சின்ன வயதிலிருந்து. நான் பி.எட். படித்தபோதுகூட இப்படிப் படித்ததில்லை. இந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் சோம்பேறி என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்வாய் என்றேன். வாசிக்கச் சொல்லும் பாடவேளைக்குப் புத்தகத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போவாளாம். "வெளிய நிக்கச் சொல்லுவாவ. நின்னா போதும். வாசிக்க வேண்டாம்."

அதனால்தான் சந்தோஷமாகப் போய் நின்றாள்.

நேற்று ஏன் விளையாட்டு என்று சொன்னாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பஸ்ஸிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை போல. எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

என் பள்ளி. ஏழாம் வகுப்பு, முதல் பாடவேளை.

"புஸ்தகம் கொண்டு வராதவங்க எந்திரிங்க." பழக்க தோஷம், வாயிலிருந்து வந்துவிட்டது. மூன்று பேர் எழுந்தார்கள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, மாடத்தி என்கிற பிள்ளை வாசலுக்குப் பாதி தூரம் போய்விட்டாள். எப்போதும் அவள்தான் முதலில் போவாள். ரேங்க் கார்டில் அவளுக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். "ஆர்வம் இல்லை."

உட்காரச் சொன்னேன். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். பயந்துவிட்டாள். உட்கார்ந்தால் வாசிக்க வேண்டுமே.

அவளுக்கு என்ன செய்ய என்று தெரியவில்லை. பாடத்தை நானே வாசித்தேன். மணி அடித்தது.

கேஸ் வந்தது. மாமாவுக்கு போன்: சாப்பிட்டார், தூங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

அரை நாள் லீவு. கிருபாவைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி. இவரிடம் கண் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மை.

காத்திருந்த இடத்தில் பெஞ்சு முழுக்கத் தாய்மார். ஒரு அப்பாகூட இல்லை. பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "உங்க பிள்ளைக்கு என்ன செய்யுது?"  "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன். அவள் சிரித்தாள். "நாங்களும் சும்மாதான் வந்திருக்கோம்."

பரிசோதித்தவள் இளம்பெண். வாசிக்க வைத்தாள், எழுத வைத்தாள், ஒரு கதையைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே என் மகள் வாசிப்பது கேட்டது. உண்மையான வாசிப்பு. முதல் முறையாக அதைக் கேட்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக, இருட்டில் படி இறங்குகிறவள் காலால் தடவுவது போல. ஒரு வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் அவளுக்கே மறந்துபோகிறது. கதை சொல்லும்போது மட்டும் பழைய கணீர்க் குரல்.

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"காதால கேட்டா பெரிய ஆள் மாதிரி புரிஞ்சுக்கிடுதா மேடம். கண்ணால வாசிக்கறப்ப ரெண்டாங்கிளாஸ் பிள்ளை. இது புத்திக் குறைவு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. எழுத்தும் சத்தமும் அவளுக்குச் சட்டுனு ஒட்டாது."

"அவளுக்குப் படிப்புல ஆர்வமே இல்லையேம்மா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் சொன்ன வாய்.

"எத்தனை தடவை விழுந்தா ஒரு பிள்ளை சைக்கிள் வேண்டாம்னு சொல்லும்? அதுக்குப் பேரு ஆர்வமில்லையா?"

செய்ய வேண்டியதையும் சொன்னாள். தினமும் கொஞ்ச நேரம், எழுத்திலிருந்து மறுபடி. பாடங்களைக் காதால் கேட்கட்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. அதற்குப் பள்ளிக்கூடம் மேலே எழுத வேண்டும். இப்போதைக்கு ஒரு சீட்டு. சான்றிதழ் பின்னால் வரும்.

எல்லாம் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னவைதான். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பாதிப் பேர் தூக்கம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் ரயில்வே கேட் அடைத்துவிட்டார்கள். பதநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். நன்றாக இருக்கிறதா என்றதற்குத் தலையை ஆட்டினாள்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் சடை பின்னும்போது கிருபா:

"அந்தச் சீட்ட யார்ட்டயும் காட்டாதம்மா."

"காட்டாட்டி டி.சி. தந்திருவாவட்டி."

"தரட்டும். ஆஸ்டலுக்குப் போறேன்."

"அங்கன மட்டும் வாசிக்கச் சொல்ல மாட்டாவளாக்கும்?"

"புஸ்தகத்தத் தொலைச்சிருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. சடையை இழுத்துவிட்டேன் போல, "ஆ" என்றாள். அப்புறம் பைய, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"சோம்பேறின்னே இருக்கட்டும்மா. சோம்பேறின்னா நாளைக்கே படிச்சிருவான்னு நினைப்பாவ. இது தெரிஞ்சா அவ்வளவுதான்னு விட்டுருவாவ. தாத்தாட்ட மட்டுமாச்சும் சொல்லாத."

பதினாலு வயது. நான் இருபது வருஷம் பாடம் நடத்தி அறியாததை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கிறாள்.

ரிப்பனைக் கட்டிவிட்டு, "பாப்போம்" என்றேன். பெற்றவர்கள் பொய் சொல்லும் முறை இது.

மார்ச் 23, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து இவரிடம் சொன்னேன். சீட்டைக் கையில் வாங்காமலே வாசித்தார்.

"சீக்குன்னா எழுதித் தந்திருக்காவ?"

"சீக்கு இல்லங்க. சொல்லுததக் கேளுங்க."

"பொறவு ஆஸ்பத்திரிச் சீட்டு எதுக்கு? பொம்பளப்பிள்ளை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் காதுக்குப் போனா? சோம்பேறின்னா அடிச்சுத் திருத்திரலாம். இத என்னன்னு சொல்ல?"

மகள் சொன்னதையேதான் தகப்பனும் சொல்கிறார். ரத்தம்.

துவைக்கிற கல்லைப் பற்றிச் சொன்னேன். இயர்போனைப் பற்றி. விருந்தாள் வந்தால் முறை மாறிவிடும் என்று முழு அதிகாரமும் படித்ததைப் பற்றி. நான் சொல்லி முடித்ததும் இவர் எழுந்து போய் அந்தக் கம்மலைத் தேடி எடுத்து வந்தார். திருகு வளைந்திருந்தது. பல்லால் நிமிர்த்தப் பார்த்தார்.

"ஆஸ்டல் பாரத்தத் திருப்பிக் குடுத்திருதேன்" என்றார். "பள்ளிக்கூடத்துல நீயே பேசு. எனக்கு முடியாது."

 மத்தியானம் சொதி வைத்தேன். யாருக்கும் இறங்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சீட்டைக் கொடுத்துவிட்டேன்.

கிருபாவிடம் சொல்லாமல், என் பள்ளிக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். சரியா தப்பா என்று பஸ் முழுக்க யோசனை. டி.சி. வந்தால் இவர் மறுபடி ஆஸ்டல் என்பார். ஆஸ்டல் என்றால் யாருடைய அடியில் எத்தனை கம்மல் தெறிக்குமோ. வேறு என்ன செய்ய?

எச்.எம். இரண்டு முறை வாசித்தார். முகம் இளகிவிட்டது. குரலையும் தாழ்த்திக்கொண்டார். "அடப் பாவமே. முதல்லயே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்." டி.சி. வேண்டாம். சலுகைக்கு அவர்களே மேலே எழுதுவார்கள். ஆஸ்டலில்லை, ஏச்சில்லை. எழுந்து கும்பிட்டேன்.

வகுப்பாசிரியை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். கண்ணில் தண்ணீர், நல்ல பெண்தான். "இனி அவள நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன் டீச்சர். கடைசி பெஞ்சுல காத்தாட உக்கார வச்சிருதேன். சும்மா இருந்தா போதும்."

நன்றி என்றேன். பஸ் ஏறிய பிறகுதான் அந்தச் 'சும்மா' உறைத்தது.

சாயங்காலம் கிருபா வீட்டுக்கு வந்தவுடன் கேட்டாள். "குடுத்திட்டியாம்மா?" ஆமாம் என்றேன். ஷூவைக் கழற்றினாள். நாடாவை அவிழ்க்காமலே இழுத்துக் கழற்றினாள். 

மார்ச் 26, புதன்

மழை. பங்குனியில் இப்படி ஒரு மழை. மிளகாய் வற்றல் நனைந்துவிட்டது.

மாமா களக்காட்டிலிருந்து வந்துவிட்டார். இளைத்துப் போயிருக்கிறார். வந்து கால் கழுவுவதற்குள் இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லாதே என்று கிருபா என்னிடம்தான் கேட்டிருந்தாள், இவரிடம் இல்லை. நான் இவரை எச்சரித்திருக்க வேண்டும்.

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "துக்க நாள்ல பிள்ளைய அடிக்க வச்சிட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிருபாவைக் கூப்பிட்டு, தலையில் இரண்டு கையையும் வைத்து நீளமாக ஜெபித்தார். அழுதார். எண்பது வயது மனுஷன் பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

அப்புறம் அவள் துவைக்கிற கல்லுக்குப் போகவில்லை, மழை. அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள். தாத்தா விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஏழரைக்குப் பாய். மாமா முதல் வசனம். இவர் இரண்டாவது. கிருபா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டாள்.

மாமா கையை லேசாகத் தூக்கினார். அவ்வளவு பிரியமான குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"எஸ்தர், நீ வாசிம்மா. பிள்ளை பேசாம கேட்டுக்கிட்டு இருக்கட்டும். இனிமே அவளுக்கு வேண்டாம்."

மூன்றாவது வசனத்தை நான் வாசித்தேன். நான் வாசிக்க வாசிக்கக் கிருபாவின் உதடு கூடவே அசைந்தது, சத்தமில்லாமல். கடைசிச் சொல்லை எனக்கு முன்பே முடித்தாள். மற்ற வசனங்களை நாங்கள் மூன்று பேரே சுற்றி வந்து முடித்தோம். சீக்கிரம் முடிந்துவிட்டது.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். துடைத்துத் துடைத்து அடுக்கினாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"இப்ப என்னட்டி? டி.சி. இல்ல, ஆஸ்டல் இல்ல. இனி உன்னை யாரும் ஏச மாட்டாவ. பொறவும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"ஏசினாவ. ஆனா என் முறைன்னு ஒண்ணு வந்துச்சுல்லாம்மா."